ஒருமுறை சொன்னால் போதும்

வணக்கம் நேயர்களே. கடையில் பில் புத்தகத்துக்கு நடுவே கார்பன் தாள் வைத்து எழுதுவார்களே, எழுதுவது ஒரு தடவைதான். ஒரு தாள் உங்கள் கைக்கு, இன்னொன்று கடைக்கு. கணினி நிரலும் ஓடும்போது குறிப்பு எழுதிக்கொண்டே போகும். யார் உள்ளே வந்தார், எந்த வேலை பாதியில் நின்றது, எல்லாம். லாக் என்பார்கள். அந்த லாக் ஒரே இடத்தில் இருந்தால் போதாது என்பது என் நெடுநாள் பிடிவாதம். வீட்டில் கேட்டுச் சலித்துவிட்டார்கள். இன்று உங்கள் முறை.

1986ஆம் ஆண்டு. கலிபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம். கிளிஃபர்ட் ஸ்டால் என்ற வானியலாளர் கணினிப் பிரிவுக்கு வந்து சேர்ந்திருக்கிறார். கணக்கில் 75 சென்ட் இடிக்கிறது, என்னவென்று பார் என்கிறார்கள். 75 சென்ட்! போனால் போகிறது என்று விட்டுவிடும் தொகை. அங்கே கணினி நேரத்துக்கான கணக்கை இரண்டு மென்பொருள்கள் தனித்தனியாக வைத்திருந்தன. யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தோடு வந்தது ஒன்று, ஆய்வகத்தாரே எழுதிக்கொண்டது ஒன்று. ஒன்று மட்டும் இருந்திருந்தால் இடிப்பதற்கே இடமில்லை, கவனியுங்கள். தோண்டிப் பார்த்தால், வெளியாள் ஒருவன் உள்ளே புகுந்திருக்கிறான்.

அவனுக்கோ கணினியில் முழு அதிகாரம் கிடைத்துவிட்டது. உள்ளே எதை எழுதி வைத்தாலும் பார்ப்பான், அழிப்பான். ஸ்டால் என்ன செய்தார் தெரியுமா? ஒரு வார இறுதியில், வெளியிலிருந்து வரும் 50 தொலைபேசி இணைப்புகளிலும் பிரிண்டர்களையும் சிறு கணினிகளையும் மாட்டினார். பெரும்பாலும் சக ஊழியர்களின் மேசையிலிருந்து எடுத்தவை. திங்கட்கிழமை என்ன பேச்சு வாங்கினாரோ! அவன் தட்டிய எழுத்தெல்லாம் கணினிக்கும் போனது, காகிதத்திலும் விழுந்தது. காகிதத்தை எந்தக் கட்டளையால் அழிப்பது? தடம் ஜெர்மனியின் ஹானோவர் வரை போனது. உள்ளே புகுந்த அந்த ஆள், மார்க்குஸ் ஹெஸ், பிடிபட்டார். 1990இல் உளவுக் குற்றத்துக்குத் தண்டனையும் வந்தது.

இன்று பிரிண்டர் தேவையில்லை. பைத்தான் என்ற நிரல் மொழியை எடுத்துக்கொள்ளுங்கள். 2003இல் வந்த 2.3 பதிப்பிலிருந்து லாக்கிங் என்ற பகுதி அதிலேயே இருக்கிறது. நிரல் ஒருமுறை சொன்னால் போதும்; எங்கெங்கே போக வேண்டும் என்பதை ஹேண்ட்லர்கள் பார்த்துக்கொள்ளும். திரைக்கு ஒன்று, ஃபைலுக்கு ஒன்று, வேறு கணினிக்கு அனுப்ப ஒன்று. மறுபடியும் சொல்கிறேன், வேறு கணினிக்கு. அதே வட்டில் இரண்டு ஃபைல் வைப்பது இரண்டு இடம் ஆகாது. வட்டு நிறைந்தால் இரண்டும் சேர்ந்தே நிற்கும்.

ஒவ்வொரு ஹேண்ட்லருக்கும், எந்தத் தீவிரம் முதல் வாங்கிக்கொள்வது என்று தனி அளவுகோல் உண்டு. தீவிரத்துக்கு எண் உண்டு: டீபக், அதாவது பிழை தேட உதவும் சிறு குறிப்பு, 10, எச்சரிக்கை 30, பிழை 40. ஃபைலுக்கு எல்லாம், திரைக்கு எச்சரிக்கை முதல், மின்னஞ்சலுக்குப் பிழை மட்டும். ஃபைலுக்கு 10 வைத்தும் ஒன்றும் விழவில்லை என்று பலர் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். ஹேண்ட்லருக்கு முன்னால் லாகர் என்ற வாசல் இருக்கிறது. நாம் மாற்றாவிட்டால் அது 30க்குக் கீழே உள்ளதை உள்ளேயே விடாது.

கண்ணாடிக்கு அப்பால் கைகாட்டுகிறார்கள். லாக்கை வேறு கணினிக்கும் அனுப்பும் சிஸ்லாக் பற்றி விரிவாகப் பேச நினைத்தேன், நேரமில்லை. எரிக் ஆல்மன் எழுதியது, அதுவும் பெர்க்லியில்தான். இன்னொன்று மட்டும்: ஒரே வரி இரண்டிரண்டாக விழுந்தால், ஒரே மாதிரி இரண்டு ஹேண்ட்லர்களை மாட்டியிருக்கிறீர்களா, எல்லா லாகருக்கும் மேலே இருக்கும் ரூட் லாகரிலும் ஒன்று மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். வணக்கம்.