திவே மலைப்பாதையில் ஒரு நாள்

அவையோர்க்கு வணக்கம். மகாராஷ்டிரத்தில் விட்டலன் கோயில் கொண்டுள்ள பண்டரிபுரத்துக்குச் செல்லும் யாத்திரை என்றதும் ஆஷாட ஏகாதசியன்று சந்திரபாகை ஆற்றங்கரையில் திரளும் மக்கள்வெள்ளமே பலருக்கும் நினைவுக்கு வரும். நான் அந்த நாளுக்குப் போகவில்லை. ஆளந்தியிலிருந்து மராத்திய மகான் ஞானேஸ்வரரின் பாதுகைகளோடு வரும் பல்லக்கு, புனேயை விட்டுச் சாஸ்வட் சென்றடையும் ஒரு நாளை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன்.

அன்றைய நடை சுமார் 30 கிலோமீட்டர். பெரும்பாலும் அது ஏகாதசியாக அமைந்துவிடுவதால், வார்கரிகள் எனப்படும் இந்த யாத்திரிகர்களில் மிகப் பலர் உபவாசம் இருந்துகொண்டே நடக்கிறார்கள். அதிகாலையில் பவானி பேட்டையிலிருந்து புறப்பட்டு, ஹடப்ஸரைத் தாண்டியதும், மற்றொரு மகானான துக்காராமின் பல்லக்கு சோலாப்பூர் சாலையில் பிரிந்து செல்ல, ஞானேஸ்வரரின் பல்லக்கு திவே மலைப்பாதையை நோக்கித் திரும்புகிறது.

தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு வெறும் கூட்டமாகத் தெரிவது, அருகில் சென்றால் திண்டி எனப்படும் குழுக்களாகப் பிரிந்து நிற்கும். பல்லக்கை ஏற்றிய ரதத்துக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு திண்டிக்கும் எண்ணும் இடமும் உண்டு. காவிக் கொடி பிடித்தவர்கள், தாளம் தட்டுகிறவர்கள், மிருதங்கக்காரர், வீணை ஏந்தியவர், துளசி மாடத்தைத் தலையில் சுமந்த பெண்கள் என்று அவரவர்க்கு உரிய வரிசை இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஞானேஸ்வரரின் பக்தரான ஹைபத்பாபா வகுத்த இந்த ஒழுங்கு, சாலையோ வாகனமோ மாறியபோதும் குலையாமல் இருப்பதை நான் பெரிய சாதனையாகவே கருதுகிறேன்.

ஏற்றம் தொடங்கும் இடத்தில் ரதத்தில் கூடுதலாகக் காளைகளைப் பூட்டுகிறார்கள். மழை பிடித்துக்கொண்டது. எனக்கு முன்னால் நடந்த ஒரு மூதாட்டி, ஒரு கையால் துளசி மாடத்தைப் பிடித்தபடி, மற்றொரு கையால் நனைந்த புடவை முந்தானையைப் பிழிந்துகொண்டே, அபங்கம் என்னும் பக்திப் பாடலின் அடியை ஒருமுறைகூடத் தவறவிடாமல் பாடிச் சென்றார். வளைவில் நான் மூச்சு வாங்கி நின்றபோது திரும்பிப் பார்த்து, "மாவுலி, நட" என்றார். மாவுலி என்றால் தாய். ஞானேஸ்வரரை அவர்கள் அழைக்கும் பெயரும் அதுதான். உடன் நடக்கும் முன்பின் அறியாதவரை அழைக்கும் பெயரும் அதுதான். வயதில் மூத்தவர்கள் இளையோரின் காலைத் தொட்டு வணங்குவதற்குத் தனியாக வேறு விளக்கம் வேண்டியதில்லை.

இருப்பினும், அன்றைய நாளின் சிகரம் மலையுச்சி என்று நான் சொல்லமாட்டேன். ஞானேஸ்வரரின் சகோதரர் சோபான தேவரின் சமாதி அமைந்த சாஸ்வட்டில், பல்லக்கு தங்குமிடம் சேர்ந்ததும், திண்டிகள் அதைச் சூழ்ந்து நின்று எல்லோரும் கூடி நடத்தும் சமாஜ ஆரத்திக்கு ஆயத்தமாகின்றன. ஆயிரக்கணக்கான தாளங்கள் ஒன்றாக முழங்கிக்கொண்டிருக்கையில், ஊர்வல ஒழுங்கைக் காக்கும் சோப்தார் தம் வெள்ளித் தடியை உயர்த்துகிறார். அந்தக் கணமே ஓசை அடங்குகிறது. வழியில் ஏதேனும் ஒரு திண்டிக்குக் குறை நேர்ந்திருந்தால், அந்தத் திண்டி மட்டும் தாளத்தை நிறுத்தாது; அதுதான் அவர்களுடைய முறையீடு. அன்று அப்படி ஒரு மூலையிலிருந்து தாளம் ஒலித்தது. பகல் முழுவதும் பட்டினியோடு மலையேறி வந்த அத்தனை பேரும் வாய் திறவாமல் காத்திருக்க, சோப்தார் அந்தத் திண்டியிடம் சென்றார், குறையைக் கேட்டார், ஆவன செய்வதாக உறுதி தந்தார். பிறகு தொலைந்துபோன பொருள்களைப் பற்றிய அறிவிப்புகள் வந்தன. அதன் பின்னரே ஆரத்தி தொடங்கியது.