குளுக்கோஸ் அளக்கும் புரதம்: பிடியைத் தளர்த்தினால்தான் அளவு தெரியும்

[திரையில்: மட்டிப்பழத் தோல், பக்கத்தில் குளுக்கோமீட்டர்]

வணக்கம் மக்களே. மட்டி வாழைப்பழம் உரித்த கையோடு சுகர் பார்க்காதீங்க. ஸ்ட்ரிப் உறிஞ்சுவது பெரும்பாலும் ஒரு மைக்ரோலிட்டருக்கும் குறைவான ரத்தம். விரலில் ஒட்டிய பழச்சாறு அதில் கொஞ்சம் கலந்தாலே அளவு ஏறிவிடும். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால் போதாது. தண்ணீரில் கழுவி, ஈரம் போகத் துடைக்கணும்.

ஸ்ட்ரிப்புக்குள் காய்ந்த நிலையில் ஒரு என்சைம் இருக்கு: குளுக்கோஸ் ஆக்சிடேஸ், இல்லையென்றால் குளுக்கோஸ் டீஹைட்ரஜனேஸ். அது குளுக்கோஸிலிருந்து எலக்ட்ரானைப் பறித்து மின்முனைக்கு அனுப்பும். அந்த மின்னோட்டத்தைத்தான் மீட்டர் எண்ணாக மாற்றுது. கிளார்க்கும் லயன்ஸும் 1962-இல் முன்வைத்த யோசனையின் வழித்தோன்றல் இது.

டீஹைட்ரஜனேஸில் பிக்யூக்யூ (PQQ) என்ற துணை மூலக்கூறோடு வேலை செய்யும் வகை, மால்டோஸ் என்ற இன்னொரு சர்க்கரையையும் குளுக்கோஸ் என்றே எடுத்துக்கொள்ளும். வயிறு வழியாக டயாலிசிஸ் செய்யும் சிலருக்கு ஐகோடெக்ஸ்ட்ரின் திரவம் விடுவாங்க. அது உடலில் மால்டோஸாக உடையும். மீட்டர் காட்டிய பொய்யான உயர்வை நம்பி இன்சுலின் போட்டு இறந்தவர்கள் உண்டு. 2009-இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இதை எச்சரித்தது. பிறகு, சில அமினோ அமிலங்களை மாற்றி, மால்டோஸை அவ்வளவாகத் தொடாத என்சைம்களை உருவாக்கினாங்க. வீட்டில் அப்படி டயாலிசிஸ் செய்கிறவர் இருந்தால், ஸ்ட்ரிப் பெட்டிக்குள் இருக்கும் தாளில் எந்த என்சைம் என்று கட்டாயம் பாருங்க.

[திரையில்: இரண்டு மடல் கொண்ட புரதம், நடுவில் குளுக்கோஸ்]

இப்போது இன்னொரு வழி. ஈ. கோலை பாக்டீரியாவில் குளுக்கோஸைப் பிடிக்கும் புரதம் ஒன்று இருக்கு. இரண்டு மடல், நடுவில் கீல். குளுக்கோஸ் உள்ளே வந்ததும் குளச்சல் பாறைச் சிப்பி மாதிரி மூடிக்கொள்ளும். புரதச் சங்கிலியின் 149-ஆம் இடத்தில் இருக்கும் குளுட்டமேட் என்ற அமினோ அமிலத்தை சிஸ்டீனாக மாற்றி, அதில் ஒளிரும் சாயத்தை ஒட்டினால், மூடும்போது ஒளி மாறும்.

ஆனால் பாக்டீரியாவின் புரதத்தை அப்படியே எடுத்து ரத்தத்தில் வைத்தால் ஒன்றுக்கும் உதவாது. 0.2 மைக்ரோமோலார் (மில்லிமோலாரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரோமோலார்) குளுக்கோஸ் இருந்தாலே அதில் பாதி நிரம்பிவிடும். ரத்தத்தில் 5 மில்லிமோலார், அதாவது டெசிலிட்டருக்கு 90 மில்லிகிராம், இருந்தாலும் 99.99 சதவீதத்துக்கு மேல் நிரம்பியிருக்கும். 20 மில்லிமோலார், அதாவது 360, ஆனாலும் அதே நிலைதான். பாதி நிரம்பும் அளவு 10 மில்லிமோலார் ஆகும்படி பிடியைத் தளர்த்தினால்? 5-இல் 33 சதவீதம், 20-இல் 67 சதவீதம். இப்போதுதான் வித்தியாசம் தெரியுது! 213-ஆம் இடத்தில் ஆர்ஜினின், 238-ஆம் இடத்தில் செரின் என்று மாற்றியது இந்தத் தளர்வுக்காகத்தான். அளக்க வேண்டிய பொருள் எந்த எல்லைக்குள் ஏறி இறங்குது என்று தெரியாமல் புரதத்தில் கை வைப்பது வீண் வேலை.

[திரையில்: தராசு, குளுக்கோஸ் பாட்டில்]

லேபில் செய்கிற பிள்ளைகளுக்குச் சில விஷயங்கள். பாக்டீரியாவில் வளர்த்தெடுத்த புரதம் ஏற்கெனவே குளுக்கோஸைப் பிடித்துக்கொண்டே வரும். சவ்வுப் பையில் போட்டு நன்றாக டயாலிசிஸ் செய்து நீக்கணும், இல்லையென்றால் சென்சார் பாதி குருடுதான். சாயம் ஒட்டும் முன் சிஸ்டீன் ஆக்சிஜனேற்றம் ஆகாமல் இருக்க டைதயோத்ரெய்டால் (DTT) சேர்த்திருந்தால், அதையும் நீக்கணும். விட்டால் சாயத்தை அதுவே தின்றுவிடும். வெப்பநிலை மாறினால் பிடியின் இறுக்கமும் மாறும், அதனால் அளவுத்திருத்தமும் சோதனையும் ஒரே வெப்பநிலையில் நடக்கணும். சாயம் வெளிச்சத்தில் மங்கும். குழாயை அலுமினியத் தாளால் சுற்றி வையுங்க.

அளவு தெரிந்த ஸ்டாண்டர்ட் கரைசல் தயாரிப்பதில்தான் அதிகம் சறுக்குது. 100 மில்லியில் 100 மில்லிமோலார் வேண்டுமானால் நீரற்ற குளுக்கோஸ் 1.80 கிராம், லேபிளில் மோனோஹைட்ரேட் என்றிருந்தால் 1.98 கிராம். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. திறந்து வைத்த பாட்டில் ஈரம் குடித்திருக்கும், எடை தப்பும். இன்னொன்று, குளுக்கோஸுக்கு ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு வடிவம் உண்டு; குளுக்கோஸ் ஆக்சிடேஸ் பீட்டா வடிவத்தை மட்டுமே விரும்பும். புதிதாகக் கரைத்த கரைசலில் ஆல்ஃபாவும் பீட்டாவும் சமநிலைக்கு வர நேரம் எடுக்கும். முந்தின நாள் சாயங்காலமே கரைத்து, மூடி, ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்க. காலையில் அறை வெப்பத்துக்கு வந்தபிறகு எடுத்தால் போதும்.