மாமியும் மச்சாளும்தான் படம்

வணக்கம் உறவுகளே. "கொழும்பு வெள்ளவத்தையில ஒரு பாழடைஞ்ச வீட்டில வயசான அக்கா தங்கச்சி வெளியில வராமலே இருக்கினம், கேமராவோட போங்கோ" என்று சிலர் கேட்கிறீர்கள். போக மாட்டேன். ஏன் என்று சொல்ல, 1975இல் வந்த 'கிரே கார்டன்ஸ்' ஆவணப்படத்தைப் பற்றிக் கதைக்க வேண்டும்.

நியூயோர்க் மாநிலத்தின் ஈஸ்ட் ஹாம்ப்டனில், கடலுக்குக் கிட்ட ஒரு பெரிய மாளிகை. உள்ளே ஈடித் பீல் என்ற தாயும், அதே பெயரில் மகளும். அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மனைவியாக இருந்த ஜாக்குலினுக்குச் சொந்த மாமியும் மச்சாளும்! கணவர் பிரிந்து, காசு கரைந்து, தோட்டம் காடாகி, வீடு குப்பையும் பூனையுமாகிவிட்டது. 1971இல் சுகாதார அதிகாரிகள் உள்ளே புகுந்து, விஷயம் பத்திரிகை வரைக்கும் போன பிறகுதான் ஜாக்குலினும் தங்கை லீயும் காசு போட்டுச் சுத்தம் செய்து கொடுத்தார்கள். குடும்ப மானம் என்று வந்தால் எல்லா ஊரும் ஒன்றுதான்.

இந்தப் படத்தை எடுத்த மேசில்ஸ் சகோதரர்களை முதலில் கூப்பிட்டதே லீதான், தன் சிறுவயதைப் படமெடுக்க. அவர்கள் வந்து பார்த்தால், மாமியும் மச்சாளும்தான் படம்.

மகள் தலையில் ஸ்வெட்டரைச் சுற்றி புரூச் குத்தியிருப்பார். பாவாடையைக் கழற்றித் தோளில் போர்த்திக்கொள்ளலாம் என்று கேமராவுக்கு விளக்கம் வேறு. பரணில் ரக்கூன்களுக்குப் பாணைக் கொட்டுவார். தாய் கட்டிலில் இருந்தபடியே பக்கத்தில் சோளம் அவிப்பார். நடுவில் ஓயாத சண்டை: 1952இல் மகள் நியூயோர்க்கை விட்டு வீட்டுக்குத் திரும்பியது யாரால்? அவர் ஒன்று சொல்ல, இவர் வேறொன்று சொல்ல, இரண்டையும் நம்பத் தோன்றும். எனக்கு அந்தச் சண்டைதான் படமே, குப்பையும் பூனையும் இல்லை.

இல்லாதப்பட்டவர்களைக் காட்சிப்பொருளாக்கினார்கள் என்று அப்போதே திட்டினார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. இருவரும் கேமராவுக்காகக் காத்திருந்த ஆட்கள். பாடுகிறார்கள், ஆடுகிறார்கள், படமெடுப்பவர்களைக் கிண்டல் செய்கிறார்கள். நீங்கள் சொல்லும் வெள்ளவத்தை வீட்டில் ஜன்னலே திறப்பதில்லையாம். அது போதாதா பதில்?

சரி, அப்புறம் என்ன நடந்தது? 1977இல் தாய் இறந்தார். இடிக்கக் கூடாது என்ற பேச்சோடு 1979இல் மகள் வீட்டை விற்றார். வாங்கியவர் வாஷிங்டன் போஸ்ட் ஆசிரியர் பென் பிராட்லீயும் மனைவியும். திருத்திக் குடியும் இருந்தார்கள். கொழும்பில் என்றால் அடுத்த கிழமையே அடுக்குமாடிப் பெயர்ப்பலகை ஏறியிருக்கும். அதற்கிடையில், 60 வயதில், மகள் நியூயோர்க் இரவு விடுதி ஒன்றில் மேடையேறிப் பாடியும் விட்டார்!