பஸ் நெற்றியில் பத்து எழுத்து

நேயர்களுக்கு வணக்கம். நான் மதுரையில் 25 வருடம் போர்டு எழுதியவன்.

போன வாரம் பெரியார் பேருந்து நிலையத்தில் வயதான அம்மா ஒருவர், "தம்பி, இது திருப்பரங்குன்றம் பஸ்ஸா?" என்று கேட்டார். பஸ்ஸின் நெற்றியில் பெயர் இருந்தது, அவருக்குப் படிக்கவும் தெரியும். ஆனால் நானே கிட்டப் போய்ப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது.

திருப்பரங்குன்றம், திருநகர், திருமங்கலம் மூன்றும் ஒரே வழியில் இருக்கும் ஊர்கள். மூன்றுக்கும் தொடக்கம் 'திரு'. அதனால் கண் அதற்கடுத்த எழுத்துகளைத்தான் தேடும். மேலூர் என்றால் மூன்றே எழுத்து, பலகை முழுக்க விரிந்து நிற்கும். திருப்பரங்குன்றம் பத்து எழுத்து. அதை அதே அகலத்துக்குள் அடைக்கக் கம்ப்யூட்டரில் பக்கவாட்டில் நசுக்கிவிடுகிறார்கள். நிற்கிற கோடு மெலிந்துபோகிறது, படுக்கிற கோடு தடியாகவே இருக்கிறது. சுழிகள் அடைத்துக்கொள்கின்றன. மூணு சுழி ண, ரெண்டு சுழி ன என்று தூரத்திலிருந்து பிரித்துப் பார்க்க முடிவதில்லை. பிரஷ் பிடிப்பவர்கள் இடம் குறைந்தால் எழுத்தின் வயிற்றைத்தான் ஒடுக்குவோம். கோட்டின் தடிமனில் கை வைக்க மாட்டோம்.

சாலை, நிலையம் இரண்டிலும் லை வருகிறதே, 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அது துதிக்கை வைத்த ஒற்றை எழுத்து. இப்போது ல-வுக்கு முன்னால் சங்கிலிக் கொம்பும் சேர்ந்து இன்னும் இடம் கேட்கிறது.

பிரிட்டனில் 1950களின் கடைசியில் ஜாக் கின்னியரும் மார்கரெட் கால்வெர்ட்டும் நெடுஞ்சாலைப் பலகைகளை வடிவமைத்தபோது, எல்லாவற்றையும் ஆங்கிலக் கேப்பிடல் எழுத்தில் போடாமல் ஸ்மால் எழுத்தையும் கலந்தார்கள். எழுத்து ஏறி இறங்கினால் ஊர்ப் பெயருக்குத் தனி உருவம் கிடைக்கும். தமிழுக்கு அது பிறவியிலேயே உண்டு. தி-யின் தலைமேல் வளையும் கோடு ஏறுகிறது, ரு-வின் வால் இறங்குகிறது. நசுக்கி நெருக்கும்போது அந்த உருவம்தான் முதலில் போகிறது.

ரயில் நிலைய மஞ்சள் பலகையைப் பாருங்கள். கறுப்பு எழுத்து, சுற்றிலும் தாராளமான இடம். வண்டி ஓடும்போதே ஊர் தெரிகிறது.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர், எழுதி முடித்ததும் ஏணியைவிட்டு இறங்கி ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் போய் நிற்கச் சொல்வார். "மூணு சுழியும் தெரியுதாடா?" என்பார். தெரியவில்லை என்றால், பெயின்ட் காய்வதற்குள் துடைத்துவிட்டுத் திரும்ப எழுதுவேன்.