கை மவுசுக்குப் போக வேண்டாம்

வணக்கம் நேயர்களே. நாகர்கோவில், மார்த்தாண்டம், தக்கலை என்று நம்ம மாவட்டத்தில் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணினவர்களுக்குக் குறைவில்லை. கீபோர்டைப் பார்க்காமலே அடிப்பார்கள். ஆனால் நாலு வரிக்கு மேலே ஒரு எழுத்து தப்பென்றால் கை மவுசுக்குப் போய்விடும். திரும்பி வந்த விரல் தன் இடத்தைத் தேடணும். நேரம் போவது அங்கேதான்.

விம் என்று ஒரு எடிட்டர், அதாவது கம்ப்யூட்டரில் எழுதவும் திருத்தவும் உதவும் மென்பொருள். அதில் கை நகரவே வேண்டாம். கீபோர்டில் ஜே எழுத்தைத் தடவிப் பாருங்கள், சின்ன மேடு இருக்கும். வலது ஆள்காட்டி விரல் அதன்மேல். ஜே அழுத்தினால் கர்சர் ஒரு வரி கீழே, கே மேலே, எச் இடது, எல் வலது. ஏன் இந்த நாலு? 1976 வாக்கில் பில் ஜாய், விம்முக்கு முன்னோடியான விஐ எடிட்டரை எழுதினார். அவர் வேலை செய்த ஏடிஎம்-3ஏ என்ற டெர்மினலில், அதாவது திரையும் கீபோர்டும் சேர்ந்த அந்தக் காலத்துக் கருவியில், அம்புக்குறிக்கென்று தனி விசையே கிடையாது. இந்த நாலு எழுத்துகளின் மேலேயே அம்பு அச்சிட்டிருந்தது. எஸ்கேப் விசையும் இன்றைக்கு டேப் இருக்கிற இடத்தில், சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் இருந்தது. இப்போது அது மூலையில். எட்டவில்லையென்றால் கண்ட்ரோலோடு இடது சதுர அடைப்புக்குறியை அழுத்துங்கள், அதே வேலைதான்.

எஸ்கேப்பை மறக்கவே கூடாது. ஐ அழுத்தினால் எழுதும் நிலை. நகர வேண்டுமென்றால் முதலில் எஸ்கேப். இல்லாவிட்டால் பக்கம் முழுக்க ஜே ஜே ஜே என்று விழும். தமிழில் எழுதுபவர்களுக்கு இன்னொன்று. தமிழ்99 கீபோர்டு அமைப்பில் ஜே இருக்கும் இடத்தில் ப இருக்கிறது. எஸ்கேப் அழுத்தியும் கர்சர் அசையவில்லையா? தமிழ் கீபோர்டு ஆனில் இருக்கும். ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டு அழுத்துங்கள்.

என்னைக் கேட்டால், அந்த நாலு விசையைவிட டபிள்யூவும் பியும் (b) தான் முக்கியம். டபிள்யூ அடுத்த சொல்லுக்கு, பி முந்தின சொல்லுக்கு. எழுத்தெழுத்தாக நகர்வது டவுன் பஸ்ஸில் ஏறித் திருநெல்வேலி போவது மாதிரி; இது எண்ட் டு எண்ட். முன்னால் எண்ணும் போடலாம்: 5 அடித்து டபிள்யூ என்றால் ஐந்து சொல் தாண்டும், 5 அடித்து ஜே என்றால் ஐந்து வரி இறங்கும்.

இன்றைய கம்ப்யூட்டரில் கட்டளை அடிக்கும் ஜன்னலுக்கும் டெர்மினல் என்றுதான் பெயர். அதில் விம்டியூட்டர் (vimtutor) என்று அடித்தால் அரைமணி நேரப் பயிற்சிப் பாடம் திறக்கும். படித்தால் போதாது, ஒவ்வொன்றையும் அடித்துப் பார்க்கணும்.

நேரமாகிவிட்டது என்கிறார்கள். தேடலை மட்டும் சொல்லிவிடுகிறேன்: எஸ்கேப், சாய்கோடு, தேடும் சொல், என்டர். அடுத்த இடத்துக்கு என், முந்தின இடத்துக்கு ஷிப்டோடு என். நன்றி, வணக்கம்.