சும்மா உட்கார்ந்திருப்பவன்

நேயர்களுக்கு வணக்கம்.

வாராவாரம் வியாழக்கிழமை பிற்பகல் நான் ஒரு ஹாஸ்பிஸுக்குப் போகிறேன். நோயைக் குணமாக்க இனி வழியில்லை என்றான பிறகு, வலியைத் தணித்து, மூச்சுத் திணறலைக் குறைத்து, இருக்கிற நாட்களை நிம்மதியாகக் கழிக்க உதவும் இடம் அது. ஆறு வருடமாகப் போகிறேன். சம்பளம் கிடையாது. தெரிந்தவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "சும்மாவா போறீங்க?"

இந்தச் 'சும்மா'வைக் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறேன். காசு வாங்காமல் என்றும் பொருள். காரணமில்லாமல் என்றும் பொருள். ஒன்றும் செய்யாமல் என்றும் பொருள். மூன்றுமே என் வேலைக்குப் பொருந்தும். ஆனால் நான் முப்பது வருடம் கணக்கு எழுதியவன். வரவு எது என்று பார்க்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. "இதில் உங்களுக்கு என்ன கிடைக்கிறது என்று பேசுங்கள்" என்று வானொலி நிலையத்தார் கேட்டதும் ஒப்புக்கொண்டது அதனால்தான். அங்கே நான் பார்த்தவர்களைப் பற்றிப் பேசும்போது அடையாளங்களை மாற்றியே சொல்கிறேன்.

முதலில் ஒரு தோல்வி. சேர்ந்த புதிது. பயிற்சியில் எல்லாம் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்: மருந்தைத் தொடக் கூடாது, உள்ளே கேட்டது வெளியே போகக் கூடாது, நம் சாமியை அவர்கள் தலையில் கட்டக் கூடாது, பொய் நம்பிக்கை தரக் கூடாது. நோட்டில் எழுதிக்கூட வைத்திருந்தேன். ஆனாலும் ஒரு பெரியவர், "இன்னும் எத்தனை நாளோ" என்றதும் என் வாய் முந்திக்கொண்டது. "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்கய்யா, சரியாயிடும்" என்றேன். அவர் மெதுவாகச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கோபித்துக்கொள்ளக்கூட இல்லை. அந்த ஆறுதல் எனக்கு நானே சொல்லிக்கொண்டது என்பது வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் உறைத்தது. அவர் எதையோ பேச ஆரம்பித்திருந்தார். அது என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இந்தப் பராமரிப்புக்கு இன்றைய வடிவம் கொடுத்தவர் சிசிலி சாண்டர்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி. நர்ஸாக இருந்தவர், முதுகுவலியால் அந்த வேலையை விட்டு, மருத்துவமனைச் சமூகப் பணியாளராக ஆனார். அப்போது டேவிட் டாஸ்மா என்ற போலந்து அகதியைச் சந்தித்தார். புற்றுநோய் முற்றிய நிலை. அவரோடு உட்கார்ந்து பேசிப் பேசித்தான், இப்படிப்பட்டவர்களுக்கென்று ஒரு வீடு வேண்டும் என்ற எண்ணம் உருவானது. 1948இல் டாஸ்மா இறந்தார். அந்த வீட்டில் நான் ஒரு ஜன்னலாக இருக்கிறேன் என்று சொல்லி, 500 பவுண்டு விட்டுச் சென்றிருந்தார். சாண்டர்ஸ் மருத்துவம் படித்து டாக்டராகி, லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் திறந்தது 1967இல். ஜன்னல் வந்து 19 வருடம் கழித்துத்தான் வீடு வந்தது.

'முழு வலி' என்று அவர் சொன்னது உடம்போடு நிற்பதில்லை. மனக்கலக்கம், குடும்பக் கவலை, 'எனக்கு ஏன்' என்ற கேள்வி எல்லாம் சேர்ந்தது. உடம்பு வலிக்கு மார்ஃபின் இருக்கிறது. பிள்ளையோடு பேசி எட்டு வருடம் ஆகிவிட்டதே என்ற வலிக்கு என்ன கொடுப்பது? கடிகாரத்தைப் பார்க்காத ஒருவர் பக்கத்தில் வேண்டும். நர்ஸுக்கு அடுத்த கட்டில் காத்திருக்கும். அமெரிக்காவில் மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டிலிருந்து பணம் பெறும் ஹாஸ்பிஸ்களுக்கு ஒரு விதி உண்டு. சம்பள ஊழியர்கள் நோயாளிகளுக்காக உழைக்கும் மொத்த நேரத்தில் குறைந்தது 5 சதவீதத்துக்குச் சமமாகத் தன்னார்வலர்கள் உழைத்தாக வேண்டும். சும்மா வருகிறவனுக்கும் சட்டத்தில் ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள்!

அந்த நாற்காலியில் உட்காரக் கற்றுக்கொடுத்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். நான் செய்தித்தாள் படித்துக் காட்டுவேன், நடுநடுவே என் கருத்தையும் சேர்ப்பேன். ஒருநாள் சொன்னார்: "தம்பி, நீ நல்லா பேசுற. கொஞ்ச நேரம் பேசாம இருந்தா இன்னும் நல்லா இருக்கும்."

பேசாமல் இருந்தேன். முதல் பத்து நிமிடம் பெரும்பாடு. கை தானாகப் போனைத் தேடியது. நேராக இருந்த போர்வையை மறுபடி நேராக்கினேன். பிறகு ஒரு கட்டத்தில் உடம்பு அடங்கியது. அவருடைய மூச்சு ஏறி இறங்குவது கேட்டது. அரை மணி கழித்து, கண்ணைத் திறக்காமலே பேச ஆரம்பித்தார். என்ன சொன்னார் என்பது இங்கே வராது. விதியைத்தான் முன்பே சொன்னேனே. நான் 'ம்' என்றுகூடச் சொல்லவில்லை. முடித்ததும், "இருக்கியா?" என்று கேட்டார். "இருக்கேன்மா" என்றேன். தூங்கிப்போனார்.

அன்றைக்கு எனக்குக் கிடைத்தது என்ன என்று கேட்டால், வீட்டில்தான் அது தெரிந்தது. சில மாதம் கழித்து என் மனைவி சொன்னாள்: "இப்பல்லாம் நான் சொல்லி முடிக்கிறதுக்குள்ள நீங்க வழி சொல்ல ஆரம்பிக்கிறதில்ல." முப்பது வருடக் குடித்தனத்தில் இப்படி ஒரு சான்றிதழ்! வரவு வைத்துக்கொண்டேன்.

எல்லா வியாழக்கிழமையும் இப்படி இருக்காது. சில நாள் போகவே மனம் வராது. குறுக்கெழுத்தைப் பாதியில் விட்டுவந்த கட்டிலில் மறுவாரம் வேறொருவர் படுத்திருப்பார். சில நாள் என் வேலையெல்லாம், மூன்று நாளாகக் கண்மூடாத ஒரு மகளிடம், "நான் பாத்துக்கறேன், நீ போய்ப் படும்மா" என்று சொல்வதோடு முடிந்துவிடும். இதைப் புண்ணியம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கூச்சமாக இருக்கும். புண்ணியம் சேர்க்க வருகிறவர்கள், பெரும்பாலும், நீண்ட நாள் வருவதில்லை.

மரண பயம் போய்விட்டதா என்று கேட்பீர்கள். போகவில்லை. ஆனால் முன்பெல்லாம் அது இருட்டாக இருந்தது. இப்போது கொஞ்சம் கண்ணுக்குத் தெரிகிறது.

போன வருடம் என் அண்ணன் வீட்டிலேயே இறந்தார். கடைசி இரண்டு நாள் தண்ணீர் இறங்கவில்லை. தாகத்தோடு போகிறாரே என்று அண்ணி ஸ்பூனும் கையுமாகத் தவித்தார். அந்தக் கட்டத்தில் உடம்பே சாப்பாட்டையும் தண்ணீரையும் கேட்காது, விழுங்க முடியாதவருக்கு ஊற்றினால் புரையேறும் என்று ஹாஸ்பிஸ் நர்ஸ்கள் எனக்குச் சொல்லியிருந்தார்கள். ஈரப் பஞ்சால் உதட்டை நனைக்கச் சொன்னேன். இரவில் தொண்டையில் கரகரவென்று சத்தம் வந்தது. அண்ணி நடுங்கிப்போனார். "சளிதான் அண்ணி. வெளியே தள்ளத் தெம்பில்ல, அதான் சத்தம். கேக்கற நமக்குத்தான் பயமா இருக்கு, அவருக்குப் பெரும்பாலும் இது தெரியாதுன்னு சொல்வாங்க" என்றேன். மூச்சு நின்று நின்று வந்தது. அதுவும் இந்தக் கட்டத்தில் வருவதுதான் என்று சொன்னேன். அதன் பிறகு அவர் ஸ்பூனை வைத்துவிட்டு, அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் இன்னொரு பக்கம். விடியும்வரை மூவரும் அப்படியே இருந்தோம்.

காரியமெல்லாம் முடிந்து சில வாரம் கழித்து, "அங்க நானும் வரலாமா?" என்று அண்ணி கேட்டார். நெருங்கியவரை இழந்தவர்கள் ஒரு வருடமாவது பொறுத்துத்தான் சேர வேண்டும் என்று பல இடங்களில் சொல்வார்கள். எங்கள் இடத்திலும் அப்படித்தான். பொறுக்கச் சொன்னேன். அடுத்த மாதம் ஒரு வருடம் முடிகிறது. நேற்று போன் செய்து, வியாழக்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்புவீர்கள் என்று கேட்டார்.

வணக்கம்.