ஐயருக்குச் சம்பளம், அம்மாவுக்கு ரேந்தை

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் வீட்டுத் திண்ணையில் காலை எட்டு மணிக்கு ஒரு சத்தம் ஆரம்பிக்கும். பல்லாங்குழி முத்தைக் கைக்குள் வைத்துக் குலுக்கினால் வருமே, அதைவிடக் கொஞ்சம் மெல்லிய சத்தம். பாட்டி ரேந்தை போட உட்கார்ந்துவிட்டார் என்று அர்த்தம். லேஸ் என்று கடையில் சொல்வதை நாகர்கோவில் பக்கம் நாங்கள் ரேந்தை என்போம். அது போர்ச்சுக்கீசியர் விட்டுப்போன சொல்.

மடியில் ஒரு திண்டு. வைக்கோலைக் குத்திக் குத்தி அடைத்து, குண்டூசி ஏறினால் அசையாத அளவுக்குக் கெட்டியாக்கியிருப்பார்கள். அதன்மேல் புள்ளிபுள்ளியாகத் துளை குத்திய ஒரு அட்டை. அந்தத் துளைதான் கோலத்துக்குப் புள்ளி மாதிரி. நூல் சுற்றிய சின்ன மரக்குச்சிகள், பாபின்கள், ஜோடி ஜோடியாகத் தொங்கும். இருபது ஜோடி இருக்கும், நாற்பதும் இருக்கும். வேலை என்று பார்த்தால் இரண்டே அசைவுதான்: நூலைக் குறுக்கே போடுவது, திருகுவது. எந்த ஜோடியை எப்போது எடுக்க வேண்டும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. குண்டூசி பித்தளையில் இருக்க வேண்டும். இரும்பு என்றால் துருக்கறை நூலில் ஏறிவிடும்.

எனக்கு எட்டு வயசிருக்கும். பாட்டி அடுக்களைக்குப் போன நேரம் பார்த்து நானும் நாலு ஜோடியைத் தூக்கிப் போட்டுப் பார்த்தேன். திரும்பி வந்தவர் அடிக்கவில்லை. "மக்களே, முதல்ல கையக் கழுவிட்டு வா" என்றார். நான் போட்ட நாலு நிமிஷ வேலையைப் பிரிக்க அவருக்கு அன்று மத்தியானம் வரை ஆனது. சிக்கலைவிட என் வியர்வைக் கை பட்ட அழுக்குதான் அவருக்குக் கவலை. ரேந்தையின் விலை அதன் வெள்ளையில் இருந்தது.

இந்தத் திண்டு எங்கள் திண்ணைக்கு எப்படி வந்தது என்று பின்னால் தேடிப் போனபோது ஒரு கணவன் மனைவியிடம் போய் நின்றேன். சார்லஸ் மால்ட், மார்த்தா மால்ட். லண்டன் மிஷனரி சங்கத்திலிருந்து 1819 டிசம்பரில் நாகர்கோவில் வந்து சேர்ந்தவர்கள். அன்றைக்கு நம்மூர்க்காரர்கள் மிஷனரிகளை 'ஐயர்' என்றார்கள், அவர்கள் மனைவிமாரை 'அம்மா' என்றார்கள். ஆகவே மால்ட் ஐயர், மால்ட் அம்மா.

அவர்கள் வரும்போது இங்கே எல்லாம் புதுசு இல்லை. மயிலாடியில் அந்த ஊர்க்காரரான வேதமாணிக்கம் கிறிஸ்தவச் சபைக்கு வேர் ஊன்றியிருந்தார். அதே சங்கத்தின் மிஷனரி ரிங்கல்தௌபே 1806இல் வந்து பத்தாண்டு உழைத்துவிட்டுப் போயிருந்தார். 1818இல் சார்லஸ் மீட் ஐயர் வந்து மிஷனை நாகர்கோவிலுக்கு மாற்றியிருந்தார். திருவிதாங்கூர் ராணி கௌரி பார்வதி பாய் வயல் வாங்க ஐயாயிரம் ரூபாயும் தங்க ஒரு பங்களாவும் தந்திருந்தார். பாதை கொஞ்சம் வெட்டியிருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனாலும் வாழ்க்கை லேசானது இல்லை. இங்கிலாந்துக்குக் கடிதம் போட்டால் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு கப்பல் போய்ச் சேர நாலைந்து மாதம். பதில் வர இன்னும் நாலைந்து மாதம். 'பிள்ளைக்குக் காய்ச்சல்' என்று அங்கே இருக்கும் தாய்க்கு எழுதினால், 'காய்ச்சல் எப்படி இருக்கிறது' என்று பதில் வரும்போது பிள்ளை ஓடி விளையாடிக்கொண்டிருக்கும். அல்லது கல்லறைத் தோட்டத்தில் இருக்கும். வாந்திபேதி வந்தால் ஊர் ஊராகக் காலியாகிற காலம் அது.

மால்ட் ஐயரின் வேலை வீட்டுக்கு வெளியே. கிராமம் கிராமமாகச் சபைகளைப் போய்ப் பார்க்க வேண்டும், உபதேசியார்களைக் கூட்டி வைத்து விசாரிக்க வேண்டும், பள்ளிக்கூடங்களைச் சோதிக்க வேண்டும், அச்சுக்கூடத்தைக் கவனிக்க வேண்டும். பின்னாளில் மீட் ஐயர் நெய்யூருக்குப் போய்விட, கிழக்குப் பகுதி முழுக்க இவர் தலையில் விழுந்தது. அதற்குச் சங்கம் சம்பளம் கொடுத்தது. பதிவேட்டில் 'மிஷனரி' என்றால் அவர் மட்டும்தான்.

மால்ட் அம்மாவுக்கு? மனைவிக்கென்று தனிச் சம்பளம் கிடையாது. பதிவேட்டில் அவர் மிஷனரியின் மனைவி, அவ்வளவுதான். ஆனால் பங்களா வளாகத்தில் பெண் பிள்ளைகளுக்கு ஒரு விடுதிப் பள்ளி நடந்தது. இன்றைக்கு டதி பள்ளி என்று ஆட்டோக்காரரிடம் சொன்னால் இறக்கிவிடுவாரே, அதன் தொடக்கம் அந்தப் பள்ளிதான். பிள்ளைகளுக்குச் சோறு, துணி, எண்ணெய், படிப்பு. இதற்குப் பணம் எங்கிருந்து வரும்?

ஒரு வழி, இங்கிலாந்தில் உள்ளவர்கள் ஆண்டுக்கு இவ்வளவு என்று ஒரு பிள்ளைக்குப் பணம் கட்டுவது. கட்டியவர் அந்தப் பிள்ளைக்குப் பெயர் வைக்கலாம். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு சீமாட்டி, தான் முகம் பார்க்காத பிள்ளைக்கு வைத்த பெயர். எங்கள் பக்கத்துப் பழைய சபைப் புத்தகங்களில் ஆங்கிலப் பெயர்களைப் பார்க்கிறவர்கள் சிரிப்பதுண்டு. எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அந்தப் பிள்ளையை அவள் அம்மா என்ன சொல்லி அழைத்தாள் என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

இன்னொரு வழியைத்தான் மால்ட் அம்மா கண்டுபிடித்தார். அவர் ஹானிட்டன் பக்கத்தவர். இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில் உள்ள ஹானிட்டன் ரேந்தைக்குப் பெயர்போன ஊர். நம்மூரில் பத்தமடை என்றால் பாய் மாதிரி. தான் சின்ன வயசில் பார்த்துப் பழகிய வேலையை இங்கே விடுதிப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. ஹீத்கோட் என்பவர் வலை பின்னும் இயந்திரத்தைக் கண்டுபிடித்திருந்தார். லஃபரோவில் இருந்த அவர் ஆலையை 1816இல் தொழிலாளர்கள் உடைத்துப்போட்டதும், அவர் கொண்டுபோய்த் தொழிலை நிறுவிய இடம் டிவர்ட்டன். அதுவும் டெவன் மாவட்டம்தான், ஹானிட்டனுக்கு எட்டிய தூரம். இயந்திர வலை மலிவாக வர வர அங்கே கைரேந்தைப் பெண்களின் கூலி சரிந்தது. அங்கே வாடத் தொடங்கின அதே சமயத்தில்தான் அதன் ஒரு கிளை இங்கே நாஞ்சில் நாட்டில் ஒட்டுப்பிடித்தது. கூலி குறைவு, கண் கூர்மை, பிள்ளைகளின் விரல். இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். பாட்டிக்கு அறுபது வயசுக்குமேல் ஊசியில் நூல் கோர்க்க நான் வேண்டியிருந்தது.

விற்ற பணம் பள்ளிக்குப் போனது. பிள்ளைகளுக்கும் ஒரு பங்கு கிடைத்தது. விடுதியில் அடிமைப் பிள்ளைகள் இருந்தார்கள். திருவிதாங்கூரில் அடிமை முறையை ஒழித்த அறிவிப்பு 1855இல்தான் வந்தது. அதற்கு முன்பே அவர்களில் சிலர் ரேந்தை போட்டுச் சேர்த்த பணத்தைக் கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்டார்கள் என்று மிஷன் குறிப்புகள் சொல்கின்றன. இதைப் படித்த அன்று நான் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். குறுக்கே போடு, திருகு, ஊசி குத்து. குறுக்கே போடு, திருகு. ஒரு அங்குலம் முடிய எத்தனை நேரம் என்று எனக்குத் தெரியும். ஒரு ஆளின் விலை எத்தனை அங்குலம் என்று கணக்குப் போட மனசு வரவில்லை.

அதே கைகள் குப்பாயமும் தைத்தன. ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் தோளை மூடக் கூடாது என்று விதி இருந்த ஊரில் மிஷனரிமார்களின் மனைவிகள் அவர்களுக்குத் தைத்துப் பழக்கிய சட்டை அது. அதற்காக 1820களில் சந்தையிலும் தெருவிலும் பெண்கள் துணி கிழிபட்டார்கள். கலவரம் ஓய்ந்து, பின்பு மூண்டு, மேலாடைக்கு அனுமதி தந்த 1859 அறிவிப்பில்தான் ஓரளவு முடிந்தது. அந்தக் கதையைத் தனியாகப் பேச வேண்டும், இன்றைய பதினைந்து நிமிஷத்தில் அடங்காது.

மால்ட் தம்பதி சுமார் முப்பத்தைந்து ஆண்டு இங்கே இருந்தார்கள். அவர்கள் பிள்ளைகளில் எலைசா நாகர்கோவிலில் பிறந்தவர். பெற்றோருக்கு இது அந்நிய தேசம், மகளுக்கு இதுதான் சொந்த ஊர். 1844 மார்ச்சில் எலைசாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை யார் தெரியுமா? திருநெல்வேலிச் சீமையில் உள்ள இடையன்குடியின் ராபர்ட் கால்டுவெல் ஐயர். சென்னையிலிருந்து நடந்தே தெற்கே வந்தவர். 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதியவர். மெரினாவில் சிலையாக நிற்கிறாரே, அவர்தான்.

கால்டுவெல் ஐயர் இலக்கணத்தைக் கரைத்துக் குடித்தவர். ஆனால் கிணற்றடியில் பேசுகிற தமிழ் எலைசாவுக்குத்தான் தாய்ப்பால் மாதிரி. பதநீர்க்காரர் என்ன சொன்னார், பிரசவத்துக்குப் பயந்து அழுகிற பெண் என்ன சொல்லி அழுதாள் என்பதை அவருக்கு யாரும் மொழிபெயர்க்கத் தேவையில்லை. ஐயரின் பெரிய புத்தகத்துக்குப் பின்னால் வீட்டில் ஒரு பேச்சுத்தமிழ் ஓடிக்கொண்டிருந்தது என்று நான் நினைக்கிறேன். இது என் ஊகம்தான், ஆய்வாளர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.

எலைசா சீதனமாக என்ன கொண்டுபோனாரோ தெரியாது, ரேந்தைத் திண்டைக் கொண்டுபோனார். தேரி மணல் காற்றில் பறக்கிற இடையன்குடியில், பனைமரத்தைத் தவிர வேறு பிழைப்பு இல்லாத இடத்தில், பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார், ரேந்தை கற்றுக்கொடுத்தார். செம்மண் புழுதிக்குள் வெள்ளை நூலை எப்படி வெள்ளையாகவே வைத்திருந்தார்கள் என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம். கணவர் அதே ஊரில் 1847இல் ஒரு கோயில், அதாவது தேவாலயம், கட்டத் தொடங்கினார். அது முடிய 1880 ஆனது. முப்பத்து மூன்று ஆண்டு. அந்தக் கோயிலுக்குள்தான் அவரை அடக்கம் செய்தார்கள், 1891இல். எலைசா அதற்குப் பின்னும் எட்டு ஆண்டு இருந்தார்.

இனி ஒரு விண்ணப்பம். நாகர்கோவில், நெய்யூர், இடையன்குடி பக்கத்தில் இந்த உரையைக் கேட்கிறவர்கள் வீட்டுப் பரணில் கொஞ்சம் பாருங்கள். பாட்டியின் டிரங்குப் பெட்டியில், பழைய ஞானப்பாட்டுப் புத்தகத்துக்கு அடியில், ஊசித்துளை நிறைந்த பழுப்பேறிய அட்டை இருக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் பூவும் இலையுமாகத் தெரியும். குப்பை என்று பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் போட்டார்கள், நான் கல்லூரி விடுதியில் இருந்த சமயம். என்னிடம் மிஞ்சியது ஒரே ஒரு அட்டை, கைக்குட்டை ஓரத்துக்கானது. போன வாரம் அதைப் பத்தாம் வகுப்புப் படிக்கிற பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்தேன். திண்டுக்கு வைக்கோல் எங்கே கிடைக்கும் என்று கேட்டாள்.

நன்றி, வணக்கம்.